நாளிதழ்ச் சங்கம் உரிமம் தருவதில்லை

"நாளிதழ்ச் சங்கத்தில் சேர்ந்தால்தான் கடலூரில் பத்திரிகை நடத்த உரிமம் கிடைக்கும், மற்றபடி உள்ளூர்ச் செய்திக்கு அதனால் ஒரு பயனும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கும் இரண்டு கூற்றுகளுமே தவறு. பத்திரிகைகளைப் பதிவு செய்பவர் மத்திய அரசின் பத்திரிகைப் பதிவாளர். 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2024 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. சங்க உறுப்பினராக இருப்பது பதிவுக்கு நிபந்தனையே அன்று.

1939இல் தொடங்கிய இந்திய நாளிதழ்ச் சங்கம் செய்வது வேறு வேலை: விளம்பர ஏஜென்சிகளுக்கு அங்கீகாரம் அளித்து, அவை பத்திரிகைகளுக்குத் தர வேண்டிய பாக்கி வசூலாகத் துணை நிற்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறு பத்திரிகையின் கணக்கு நோட்டை நான் எழுதிவந்த நாள்களில், வெளியூர் ஏஜென்சியின் பில் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றால், முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் விலையையும் கெடிலம் ஆற்று வெள்ளத்தையும் எழுதிவரும் நிருபரின் பெட்ரோல் படிதான் முதலில் நிற்கும். அந்தப் பணம் உள்ளூர்ச் செய்தியைத் தொடாது என்று எப்படிச் சொல்ல முடியும்? 2019இல் அச்சுக்காகிதத்துக்கு விதிக்கப்பட்ட 10 சதவீத இறக்குமதி வரியை நீக்கக் கோரியதும் அச்சங்கமே. மறு ஆண்டு அது 5 சதவீதமாகக் குறைந்தது. சங்கம் பத்திரிகை உரிமையாளர்களின் அமைப்பு என்பது உண்மைதான். நிருபருக்கான அரசு அடையாள அட்டை அதன் கையில் இல்லை.