லண்டனைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நாலாவது மூவில் ஒரு சிப்பாயைக் கொடுத்துப் பாருங்கள்

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆன்லைன் செஸ்ல ரேட்டிங் 1300-லயே நிக்குது சார். ஆறு மாசமா நகரவே இல்ல. வெள்ளைக்கு வேற ஏதாவது ஓப்பனிங் சொல்லுங்களேன்." இப்போது என்ன ஆடுகிறீர்கள் என்றேன். "லண்டன்" என்றார். ஆட்டத்தைத் தொடங்கும் மூவ் வரிசைகளில் (அதுதான் ஓப்பனிங்) ஒன்றின் பெயர் அது. காலையில் என்ன டிபன் என்று கேட்டால் "உப்புமா" என்பார்களே, அதே குரல்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் செஸ் போர்டை மறுபடி எடுத்தவன் நான். முதல் இரண்டு வருஷம் நானும் லண்டன்தான். டி4, பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவா, ஈ3, சி3, குதிரை டி2, ராஜாவைக் கேஸில் பண்ணி (ராஜாவும் யானையும் ஒரே மூவில் நகர்ந்து) உள்ளே தள்ளு. (கட்டங்களுக்கு வெள்ளைக்கு இடமிருந்து வலம் ஏ முதல் ஹெச், கீழிருந்து மேல் 1 முதல் 8 என்று பெயர். காய் பெயர் சொல்லாமல் கட்டம் மட்டும் சொன்னால் சிப்பாய் மூவ்.) எதிரே இருப்பவர் என்ன ஆடினாலும் அதே கோலம்தான். கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். என் அக்கா மகன் பயிற்சிக்குப் போன இடத்தில் வகுப்பில் இருந்த பதினைந்து பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தார்கள். பதினைந்து பேரும் ஒருவரோடு ஒருவர் லண்டன் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

லண்டன் மோசமான ஓப்பனிங் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் இதை ஆடித்தான் நெபோம்நியாச்சியின் ராஜாவை மேட் வலையில் சிக்கவைத்தார். ஆனால் அவருக்கு அந்தச் சத்தமில்லாத நிலையில் எந்தச் சிப்பாயை எப்போது தள்ளவேண்டும் என்று தெரியும். நமக்குத் தெரியாது. பதினெட்டாவது மூவில் நாம் ஒரு தப்பு செய்வோம், அதன் பலன் நாற்பதாவது மூவில் வரும். கம்ப்யூட்டர் எஞ்சின் போட்டுப் பார்த்தால், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் கோடு மெல்ல மெல்லச் சரிந்திருக்கும். எங்கே வழுக்கினோம் என்று கடைசிவரை பிடிபடாது. முன்னேற வேண்டிய ஆளுக்கு இதுதான் இடைஞ்சல் என்பது என் கட்சி. தப்பு செய்த அஞ்சாவது மூவுக்குள் மண்டையில் ஒரு குட்டு விழவேண்டும். விழுந்தால்தான் மறக்காது.

அதனால் நண்பருக்கு நான் சொன்னது எவன்ஸ் கேம்பிட். (ஆரம்பத்திலேயே ஒரு காயைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வேறு லாபம் தேடுவதுதான் கேம்பிட்.)

தெரியாதவர்களுக்கு: வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, பிஷப் சி5. இதுவரை ஊரே ஆடுவது. நாலாவது மூவில் வெள்ளை, பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி பி4-இல் வைக்கிறது. சும்மா, இலவசமாக. கறுப்பு பிஷப் அதை வெட்டலாம். வெட்டினால் சி3 என்று ஒரு சிப்பாய் வந்து அந்த பிஷப்பை விரட்டும். அது ஏ5-க்கு ஒதுங்கும். உடனே டி4.

இந்த இடத்தில் நிறுத்தி விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கறுப்பு பிஷப் சி5-க்கு வந்தது ஒன்று, பி4-இல் வெட்டியது இரண்டு, ஏ5-க்கு ஓடியது மூன்று. ஒரே காய்க்கு மூன்று மூவ். அந்த நேரத்தில் வெள்ளை நடுப்பலகையைப் பிடித்துவிட்டது. அடுத்து ராணி பி3-க்கு வந்து, சி4 பிஷப்போடு சேர்ந்து எஃப்7-ஐ முறைக்கும். இன்னொரு பிஷப் ஏ3-க்குப் போனால், டி6-இல் சிப்பாய் குறுக்கே நிற்காதவரை, ஏ3-இலிருந்து எஃப்8 வரை ஒரே கோடு. கறுப்பு ராஜாவால் கேஸில் பண்ண முடியாது, நடுவீட்டிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். ஒரு சிப்பாய் கொடுத்து வாங்கியது இவ்வளவு. டெம்போ, டெம்போ என்று எல்லாரும் சொல்வார்கள், அதாவது ஒரு மூவ் அளவு நேரம். எனக்கு அந்த வார்த்தை புரிந்தது இந்த ஓப்பனிங்கில்தான். கொடுத்த சிப்பாய் கணக்கில் குறைந்தே இருக்கும். வாங்கிய நேரத்தை உடனே செலவு செய்யாவிட்டால் அது கரைந்துவிடும். பத்து மூவ் சும்மா உலாத்தினீர்கள் என்றால் ஒரு சிப்பாய் குறைவாக ஒரு சாதாரண ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு கப்பல்காரர். வில்லியம் டேவிஸ் எவன்ஸ், வேல்ஸ் நாட்டுக் கேப்டன், வேல்ஸுக்கும் அயர்லாந்துக்கும் இடையே தபால் கப்பல் ஓட்டியவர். 1820-களில் இதை யோசித்திருக்கிறார். கடல் அமைதியாக இருந்த ராத்திரியில் வேறு என்ன வேலை இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

1852-இல் பெர்லினில் ஆண்டர்சனும் டுஃப்ரெஸ்னும் ஆடிய ஆட்டத்தை முழுசாக ஒருமுறை போர்டில் வைத்து நகர்த்திப் பாருங்கள். எவர்கிரீன் என்று பெயர் வாங்கிய ஆட்டம், எவன்ஸ் கேம்பிட்தான். நான் மேலே சொன்ன ராணி பி3, பிஷப் ஏ3 இரண்டும் அதில் வரும். பத்தொன்பதாவது மூவுக்குப் பிறகு கறுப்பு ராணி எஃப்3-இல் வந்து உட்கார்ந்து, ஜி2-வில் மேட் வைக்கத் தயாராக இருக்கிறது. ஒரு மூவ் போதும் அதற்கு. அந்த ஒரு மூவ் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆண்டர்சன் யானையைக் கொடுத்துச் செக் வைக்கிறார், அடுத்து ராணியைக் கொடுத்துச் செக், அப்புறம் பிஷப்பால் இரட்டைச் செக். இருபத்துநாலாவது மூவில் இரண்டு பிஷப்பும் எஃப்6-இல் நிற்கும் ஒரு சிப்பாயும் சேர்ந்து மேட். என் அக்கா மகன் இதை முதல்தடவை பார்த்தபோது போனைக் கீழே வைத்துவிட்டுப் போர்டை எடுத்து வந்தான். அவன் போனைக் கீழே வைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு, இப்போது யார் ஆடுகிறார்கள் என்று கேட்கலாம். 1995-இல் ரீகாவில் காஸ்பரோவ் இதை நம் ஆனந்துக்கு எதிராகவே ஆடினார். ஆனந்த் பிஷப்பை ஏ5-க்குக் கொண்டுபோகாமல் ஈ7-க்குப் பின்வாங்கிப் பார்த்தார். இருபத்தைந்து மூவில் முடிந்தது. (நம்மூர்க்காரர் தோற்ற ஆட்டத்துக்கா விளம்பரம் என்று திட்டாதீர்கள். ஆனந்துக்கே இருபத்தைந்து மூவ் என்றால், ஆன்லைனில் எதிரே உட்கார்ந்திருக்கும் 1300-க்கு எத்தனை என்று யோசியுங்கள்.)

"1500 வரைக்கும் ஓப்பனிங்கே தேவையில்லை, டாக்டிக்ஸ் பசில் மட்டும் போடு" என்கிற கட்சி ஒன்று உண்டு. (சில மூவில் காயையோ ஆட்டத்தையோ வெல்லும் வழியைக் கண்டுபிடிக்கிற புதிர்.) முக்கால்வாசி சரிதான். நானும் தினமும் படுக்கும் முன் இருபது பசில் போடுவேன். ஆனால் பசிலில் வருவது என்ன? திறந்த கோடு, நடுவில் மாட்டிய ராஜா, எஃப்7-இல் காவு. அதைப் போட்டுவிட்டு லண்டன் ஆட உட்கார்ந்தால் இருபது மூவ் வரைக்கும் அந்த மாதிரி நிலை எட்டிக்கூடப் பார்க்காது. நீச்சல் பழகிவிட்டுக் கிணற்றுமேட்டில் துண்டோடு உட்கார்ந்திருக்கிற கதை. எந்த டாக்டிக்ஸ் உங்கள் ஆட்டத்தில் வரும் என்பதை ஓப்பனிங்தான் முடிவு பண்ணுகிறது.

அப்புறம், விறுவிறுப்பு என்றதும் யூடியூபில் ஓடுகிற பொறிகள் பக்கம் போய்விடாதீர்கள். எங்லுண்ட் கேம்பிட் என்று ஒன்று. வெள்ளை டி4 ஆடியதும் கறுப்பு ஈ5. பிறகு ராணி ஈ7, பி4-இல் செக், பி2 சிப்பாயை வெட்டு. வெள்ளை பதறிப்போய் பிஷப்பை சி3-க்கு வைத்தால் கறுப்பு பிஷப் பி4-க்கு வரும், ஆட்டம் காலி. பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் வெள்ளை அதே கட்டத்தில் பிஷப்புக்குப் பதில் குதிரையை வைத்தால் கறுப்பின் கதை கந்தல். எதிராளிக்குத் தெரியாதவரைதான் அதற்கு உயிர். ஸ்டாஃபோர்ட் கேம்பிட்டும் அதே ஜாதி. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: எதிராளி எல்லாம் சரியாக ஆடினால் என் கையில் என்ன மிச்சம்? எவன்ஸில் எஞ்சின்கூட ஏறக்குறைய சமம் என்கிறது, கறுப்புக்கு இம்மியளவு கூடக் கொடுக்கலாம். நம் லெவலில் அந்த இம்மியை யாரும் பார்க்கப்போவதில்லை.

கிங்ஸ் கேம்பிட்? ஆசைதான். 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி அதை ஆடி ஃபிஷரைத் தோற்கடித்தார். ஃபிஷர் கடுப்பாகி அடுத்த வருஷமே "இந்த ஓப்பனிங் செல்லாது" என்று கட்டுரை எழுதினார். பிறகு அவரே அதை எடுத்து ஆடினார், அது வேறு விஷயம். ஆனால் அதில் நகர்த்துவது எஃப் சிப்பாயை. திறப்பது நம் ராஜா வீட்டு வாசலை. எவன்ஸில் தூர ஓரத்தில் ஒரு சிப்பாய் போகிறது, நம் ராஜா வசதியாக ஜி1-இல் இருக்கிறார். முதல் கேம்பிட்டாகப் பழக இது போதும்.

சரி, சிக்கல்களையும் சொல்லவேண்டும். நீங்கள் ஆசைப்பட்டால் மட்டும் எவன்ஸ் வந்துவிடாது. எதிராளி மூன்றாவது மூவில் பிஷப்புக்குப் பதில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் வேறு ஆட்டம். நான் அங்கே டி4 ஆடிவிடுகிறேன். கறுப்பு முதல் மூவிலேயே சி5 ஆடி சிசிலியன் வந்தால் ஸ்மித்-மோரா கேம்பிட். அதுவும் ஒரு சிப்பாய் கொடுத்து நேரம் வாங்குகிற அதே வியாபாரம், மூளை புதிதாக எதுவும் கற்கவேண்டியதில்லை. ஃபிரெஞ்சு, காரோ-கான் என்கிற கறுப்பு ஓப்பனிங் இரண்டுக்கும் ஈ5 தள்ளிவிட்டு ஒப்பேற்றுகிறேன். கறுப்புக்கு என்ன என்று கேட்காதீர்கள், அங்கே நான் இன்னும் சோம்பேறி.

இன்னொரு சிக்கல், தோற்பீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரேட்டிங் போட்டி. எதிரே பதினோரு வயதுப் பையன், மேஜையில் பென்சில் பெட்டி. (உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயில் என் ரேட்டிங் அப்போது 1544. பெருமைப்பட ஒன்றுமில்லை. 1240 இருந்தது. 2024 மார்ச்சில் ஃபிடே கீழ்மட்ட ரேட்டிங் எல்லாவற்றையும் தூக்கிவிட்டபோது ஒரு காய்கூட நகர்த்தாமல் 304 புள்ளி ஏறினேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அரியர்ஸ்.) பி4 ஆடினேன். பையன் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான், வெட்டினான். சி3, பிஷப் ஏ5, டி4. அவன் டி6. நான் யோசிக்காமல் கேஸில் பண்ணினேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை, பிஷப்பை பி6-க்கு வைத்துவிட்டு மண்டபத்தின் சீலிங் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான். லாஸ்கர் டிஃபென்ஸ். பழைய உலகச் சாம்பியன் எமானுவேல் லாஸ்கர் பெயரிலேயே இருக்கிற, எவன்ஸுக்கான மருந்து. வாங்கிய சிப்பாயை அமைதியாகத் திருப்பிக் கொடுத்துவிடும். ஈ5-இல் வெட்டினேன், ராணிகள் மாறின, சிப்பாயும் திரும்பி வந்தது. தாக்குவதற்கு ஒன்றும் இல்லை. என் ஏ சிப்பாயும் சி சிப்பாயும் ஆளுக்கொரு பக்கம் அநாதையாக நின்றன. ஒவ்வொன்றாக வந்து எடுத்துக்கொண்டான்.

கைகொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அவன் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். "அங்கிள், ஏழாவது மூவ் கேஸில் பண்ணக்கூடாது. குயின் பி3 ஆடணும். நான் குயின் டி7 வெச்சிருப்பேன், அப்பறம் எனக்குக் கஷ்டம்தான்" என்றான், வாயில் இட்லியோடு. எந்த மூவில் தோற்றேன், ஏன் தோற்றேன், பதிலாக என்ன ஆடவேண்டும். மூன்றும் பத்து நொடியில். லண்டனில் இரண்டு வருஷம் தோற்றபோது யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ராணி பி3-க்குப் பிறகு வருவதை எல்லாம் பதினைந்தாவது மூவ் வரை உருப்போட்டேன். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு மண்டபம். எதிரே ஒரு கல்லூரிப் பெண். ஈ4, ஈ5, குதிரை, குதிரை, பிஷப், பிஷப். கை லேசாக நடுங்க பி4 தள்ளினேன்.

அவர் சிப்பாயைத் தொடவே இல்லை. பிஷப்பை பி6-க்கு ஒதுக்கிவிட்டு டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.