காற்றில்லாத நாளில் கடல் ஏறாதா?

குமரி–கேரள எல்லைக் கடலோரமான பூவார், கொல்லங்கோடு பக்கம் மே மாத விடுமுறையில் கூடாரம் போடக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல் வருகிறது: ‘வானம் தெளிந்து, காற்றும் இல்லையென்றால் கடலோரத்தில் பயமின்றித் தூங்கலாம்.’ தவறு. உயிரையே வாங்கிவிடும் தவறு.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வரும் ‘கள்ளக்கடல்’ எனும் திடீர்க் கடலேற்றத்துக்கு உள்ளூர்க் காற்று தேவையே இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று எழுப்பிய அலைகள் சில நாள் பயணித்து, இங்கே திடீரெனக் கரையேறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்றதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

சரி, கூடாரத்தை எங்கே போடுவது? காய்ந்த பாசியும் தெர்மாகோல் துண்டுகளும் ஒதுங்கிய கோட்டுக்கு மேலே போதும் என்பார்கள்; கள்ளக்கடல் அதையும் தாண்டும். மீனவர்கள் வள்ளங்களை ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்கும் பின்னால் போங்கள். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.