கேட்காததால் கிடைக்கவில்லை என்பது சரியல்ல

"பெண்கள் வாய் திறந்து கேட்பதே இல்லை, அதனால்தான் உயர் பதவிக்கு வருவதில்லை" என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. இதை நிறைய பேர் நம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் சுமார் 4,600 ஊழியர்களின் பதில்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. ஒரே மாதிரி வேலை நேரம் உள்ளவர்களை ஒப்பிட்டபோது, சம்பள உயர்வு கேட்பதில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. ஆனால் கேட்ட ஆண்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். முந்தைய சில ஆய்வுகள் வேறு மாதிரி சொன்னது உண்மைதான். பகுதிநேர வேலையில் பெண்கள் அதிகம்; அந்த வேலையில் கேட்கும் வாய்ப்பே குறைவு. அதைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணினால் பெண்கள் தயங்குவதுபோலத்தான் தெரியும்.

அது சம்பளம். சரி, பதவி? மெக்கின்சி என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனமும், வேலையிடத்தில் பெண்கள் முன்னேற உழைக்கும் லீன்இன் அமைப்பும் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்கப் பெருநிறுவனங்களில் 100 ஆண்கள் முதல்முறை மேலாளராகும்போது பெண்கள் 81 பேர்தான் ஆனார்கள். முதல் படியிலேயே இத்தனை பேர் நின்றுவிட்டால் உச்சியில் அமர்த்த ஆள் எங்கிருந்து வரும்? கண்ணாடிக் கூரை, அதாவது பெண்களை உச்சிக்குப் போகவிடாத கண்ணுக்குத் தெரியாத தடை என்று எல்லோரும் மேலேயே பார்க்கிறோம். எனக்கென்னவோ இந்தக் கீழ்ப்படிதான் பெரிய தடையாகப் படுகிறது.

கேட்டும் கிடைக்காத பெண்ணிடம் "நீ கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்வது கொடுமை. அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.