ஈயம்னா எந்த ஈயம்?

என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவள் பையனுக்கு ஒரு வயது முடிந்ததும், அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் பார்ப்பது போல அவனுக்கும் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். வீடு எந்த வருடம் கட்டியது, சுவரில் பெயிண்ட் உரிகிறதா என்று ஆரம்பித்து, மஞ்சள் தூள் எங்கே வாங்குகிறீர்கள், குழந்தைக்குக் கண்மை வைப்பதுண்டா, ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று வந்து நின்றாராம். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் தங்கைக்குப் பக்கென்றது.

பிரசவம் பார்க்கப் போனபோது அம்மா புடவைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப்போன ஈயச் சொம்பு. ஏழாவது மாதத்திலிருந்து பையனுக்கு ரசம் சாதம் அதில் வைத்த ரசத்தில்தான். சோதித்தபோது சொம்பில் காரீயம் கலந்திருப்பது தெரிந்தது.

தமிழில் ஈயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பு செய்யவும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசவும் வேண்டியது வெள்ளீயம். காரீயம் பேட்டரிக்குள் இருப்பது, விஷம். வெள்ளீயத்தின் விலையில் சின்னப் பங்குதான் காரீயம். உருக்கும்போது கொஞ்சம் சேர்த்துவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதில் புளியும் தக்காளியும் ஊற்றிக் கொதிக்க வைக்கிறோம். புளிப்பும் சூடும் சேர்ந்தால் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கிவிடும். ருசியில் ஒரு மாற்றமும் தெரியாது.

விஷயம் தெரிந்த மறுநாளே எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைக்குப் போனேன். அம்மா அந்தச் சொம்பை வாங்கிய கடைதான். இதே மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி, "இது வெள்ளீயமா, காரீயமா?" என்று கேட்டேன். "ஈயம்தாம்மா. சுத்தமான ஈயம்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு சீட்டோ முத்திரையோ இல்லை. தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்கிற நாம், தினமும் வயிற்றுக்குள் போகிற பாத்திரத்துக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

சொம்பு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், காரீயம் இறங்குகிற பாத்திரங்கள் என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் நம் வீடுகளில் இண்டாலியம் கடாய் என்கிறோமே, அந்த வகையும் இருந்தது. பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வர லெட் குரோமேட் என்ற காரீயச் சாயத்தைத் தடவியதை 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அந்த நாட்டு அரசு உடனே இறங்கிப் பிடித்து, அபராதம் போட்டு, இரண்டே வருடத்தில் சந்தையிலிருந்து கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. மனது வைத்தால் முடிகிற காரியம்தான் இது.

உடம்புக்குள் காரீயம் செய்கிற வேலைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாறுகிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். ரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். நம் ஊர்க் குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ரத்தத்தில் அது ஒன்றிரண்டு மாதம் சுற்றும். மிச்சம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், பத்து வருடம், இருபது வருடம். உடம்பு கால்சியத்துக்காக எலும்பைக் கரைக்கும்போது அதுவும் சேர்ந்து வெளியே வரும். கர்ப்ப காலத்தில் இது நடந்தால், தாய் சின்ன வயதில் சாப்பிட்டது வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். டீடாக்ஸ் ஜூஸ், நச்சு நீக்கும் கஷாயம் என்று விற்கிறார்களே, தயவுசெய்து இதற்கு அதை நம்பாதீர்கள். அளவு மிக அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுப்பார்கள். மற்றபடி, உள்ளே போவதை நிறுத்துவதுதான் வைத்தியம்.

சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரி 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக் கூட, பதற்றமும் கவனக்குறைவும் கூடியிருந்தன. என் தங்கை பையனுக்கு 8 என்றதும் அரசாங்கம் வீட்டுக்கு போன் செய்தது. இங்கே சராசரியே 11. அந்தக் குழந்தைகள் இப்போது இருபது வயதைத் தாண்டியிருப்பார்கள். "புத்தி படிப்பில் போகவே மாட்டேங்குது" என்று அவர்களில் எத்தனை பேர் அடி வாங்கினார்களோ!

2000-இல் பெட்ரோலிலிருந்து காரீயத்தை எடுத்தோம். 2017-இலிருந்து பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சரி, நல்லது. ஆனால் 2020-இல் யுனிசெஃப் அறிக்கை, இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்து கண் பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அதோடு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அம்மாக்கள் தாங்களாகக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடுகிற விஷயம் இல்லை இது.

என் மகளுக்குப் பார்க்கலாம் என்று லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடினாள். "சுகர், தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பேக்கேஜ்ல வந்துடும்க்கா. இது யாரும் கேட்டதில்லை" என்றாள். கடைசியில் வெளியூர் லேபுக்கு அனுப்பித்தான் எடுத்தோம். 6.2 என்று வந்தது. அன்று மாலையே எங்கள் வீட்டுச் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டேன். எடைக்குப் போட மனசில்லை, அதை உருக்கி இன்னொரு வீட்டுக்குப் பாத்திரம் செய்துவிட்டால்?

அம்மாதான் இன்னும் தேறவில்லை. "என் கையாலதானே குடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். பையனுக்கு மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 4 ஆக இறங்கிவிட்டது என்று சொன்ன பிறகும் அழுகிறாள். அம்மாவுக்கு 66 வயது. எலும்புத் தேய்மானம் என்று போன வருடம்தான் மாத்திரை ஆரம்பித்தார்கள். நாற்பது வருடம் ஈயச் சொம்பு ரசம் சாப்பிட்ட எலும்பு. உனக்கும் பார்த்துவிடலாம் என்றால், "எனக்கெதுக்குடி இனிமே" என்கிறாள். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.