சுவரைப் பார்த்திருந்த முருகன்

துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'எல்லாம் நன்மைக்கே', 'நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்வான்' என்ற இரண்டு வாக்கியங்களையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தொப்பூர் கணவாயில் என் தம்பியின் லாரி பிரேக் பிடிக்காமல், முன்னால் நின்ற வண்டியில் மோதியது. சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலை எத்தனை வீடுகளை இருட்டாக்கியிருக்கிறது என்று தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பிக்கு வயது 29. மகளுக்கு அப்போது மூன்று வயது.

வண்டியின் முன்பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. அதில் வைத்திருந்த கண்ணாடிச் சட்டம் போட்ட சின்ன முருகன் படத்துக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. 'சாமி படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள்' என்று பக்தியோடு யாரோ அதை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் காப்பாற்றிக்கொண்டாயே, அவனை விட்டுவிட்டாயே" என்றாள்.

அன்றே அந்தப் படத்தைப் பூஜை அலமாரியில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். ஒகேனக்கல்லில் அஸ்தி கரைத்துவிட்டு வந்த பிறகும் அது அப்படியே இருந்தது.

சாவு விழுந்த வீட்டார் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருடத் திதி முடிந்ததும் தீர்த்தமலைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா வர மறுத்தாள். "சாமியைப் பழிக்காதே, இருக்கிற பிள்ளைக்கு ஆகாது" என்றார் பெரியப்பா. பெற்ற வயிறு எரிகிறவளிடம் சொல்லும் சொல்லா அது? முன்ஜென்ம வினை என்று இன்னொருவர் சொன்னார். அந்த மூன்று வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்து அதை அவரால் சொல்ல முடியுமா?

சாமியிடம் சண்டை போடுவது நம் ஊருக்குப் புதிதா? திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி ஊரைத் தாண்டியதும், சிவனைப் பாடிய சுந்தரருக்குப் பார்வை போயிற்று. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மறு கண்ணுக்காகத் திருவாரூரில் போய் நின்றவர் கெஞ்சிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. உம் அடியார்கள் இப்படித் தவிக்க, நீர் மட்டும் நன்றாக இரும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். அந்தக் கோபத்தைத்தான் கோயில்களில் தேவாரமாக ஓதுகிறோம். அவரிடமாவது வாக்குத் தவறிய குற்றம் இருந்தது. என் அம்மா என்ன செய்தாள்?

எனக்கு இது பிடிபட ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. அம்மா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பியிருந்த படத்தையும் எடுத்தாள். முன்பக்கம் பார்க்காமல் பின்பக்கத்து அட்டையை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, மறுபடி சுவரைப் பார்க்க வைத்தாள். எத்தனை வாரங்களாக இப்படி நடக்கிறதோ! வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அந்தப் படம் என்றைக்கோ காவிரியில் போயிருக்கும். பேச்சு வார்த்தை இல்லாத உறவுக்காரனுக்கும் சோறு எடுத்து வைக்கிறவள் அவள். அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று சொன்னவர்கள் அந்தத் துணியைப் பார்த்ததில்லை.

நானும் கும்பிடுகிறேன். தம்பி ஏன் போனான் என்பதற்கு விடை கிடைத்துவிட்டதால் அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை.

போன மாதம் அம்மாவே தீர்த்தமலைக்குப் போகலாம் என்றாள். அரூர் போய், அங்கிருந்து பஸ் மாறிப் போனோம். படிகளில் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு, ஈரத்தோடு சன்னதியில் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"வேண்டிக்கொள்ளவில்லை. நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று சொன்னேன்."

வீட்டுக்கு வந்ததும் முருகனைத் திருப்பி வைத்தாள். கண்ணாடியின் மேல் தம்பி கடைசியாக வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. ஓரங்களில் இருந்த தூசியை முந்தானை நுனியால் துடைத்தாள். பொட்டின் மேல் துணி படாமல் பார்த்துக்கொண்டாள்.