ஜிப்ஸியின் பின் பட்டையை மேலே மாற்ற யூ போல்ட் மட்டும் போதாது

மாருதி ஜிப்ஸியில் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பின் ஸ்பிரிங் பட்டைகளை மேலே மாற்ற, அவற்றை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ வடிவ போல்ட்டைக் (யூ போல்ட்) கழற்றி மாட்டினாலே போதும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. வண்டி உயரும், சரி. மற்றது தவறு, ஆபத்தும்கூட.

பட்டை உட்காரும் இருக்கை ஆக்ஸிலின் மேல்பக்கம் கிடையாது. புதிதாக வெல்டிங் செய்யவேண்டும். உயரம் கூடினால், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சரிவும் கூடும். அந்த ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேரும் இடத்திலுள்ள பல்சக்கரமான பினியனின் கோணம் அதற்குப் பொருந்தாவிட்டால் வண்டி அதிரும், ஷாஃப்ட்டின் முனையிலுள்ள மடங்கும் இணைப்பான யூனிவர்சல் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். அதனால் முதலில் இருக்கையைத் தற்காலிகமாகப் புள்ளி வெல்டில் நிறுத்தி, வண்டியின் எடையை இறக்கி, கோணத்தை அளந்த பிறகுதான் முழுதாகப் பற்றவைக்க வேண்டும். இதைத் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், நீளமான ஷாக் அப்சார்பரும் பிரேக் ஹோஸும் தேவை. பழைய ஹோஸ் பள்ளத்தில் இழுபட்டுக் கிழிந்தால் பிரேக் ஆயில் வெளியேறிவிடும்.