மச்சானைவிட தெரியாத ஆளே மேல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர் முந்திரி பேக்கிங்ல பார்ட்னரா வர்றேங்குறார். பழக்கம் அதிகமில்ல. இறங்கலாமா?"

தாராளமாக இறங்கலாம் என்பேன். நம்ம பக்கம் மச்சான், சித்தப்பா மகன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடுகிறோம். மச்சானிடம் போய் "உங்க பேர்ல எவ்வளவு கடன் இருக்கு, சிபில் ரிப்போர்ட்டைக் காட்டுங்க" என்று கேட்க முடியுமா? அடுத்த பொங்கலுக்கு வீட்டுப் படி ஏற முடியாது. தெரியாத ஆளிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். நம்முடையதையும் காட்டிவிட்டுக் கேட்டால் அவரும் முகம் சுளிக்க மாட்டார்.

கேட்டதை எழுதியும் வைக்க வேண்டும். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சரிபாதி. நீங்கள் பத்து லட்சம் போட்டு அவர் ஒரு லட்சம் போட்டிருந்தாலும் அதே கணக்குதான். நஷ்டமும் அப்படித்தான். கம்பெனி பேரில் அவர் வாங்கும் கடனுக்கு உங்கள் வீடு வரை பொறுப்பு. ஃபர்மைப் பதிவு செய்யாமல் விட்டால், பாக்கி வைத்த கடைக்காரர் மேல் வழக்குப் போடக்கூட வழியில்லை. எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை ஆக்கினால் இந்தப் பொறுப்பு குறையும். ஆனால் பேங்க் லோன் என்றால் பெரும்பாலும் சொந்த ஜாமீன் கேட்பார்கள்.

இதில் பாண்டிச்சேரி சங்கதி வேறு. எல்லையில் முள்ளோடை தாண்டினால் ஜிஎஸ்டிக்கு வெளிமாநிலம்: ஜிஎஸ்டி எண் அங்கே 34 என்று தொடங்கும், இங்கே 33 என்று. "என் அட்ரஸ்லயே பதிவு பண்ணிடலாம்" என்று அவர் சொன்னால் சரி, பண்ணுங்கள். ஆனால் ஓடிபி யார் செல்லுக்கு வருகிறது, பேங்கில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டுமா என்பதை அன்றைக்கே முடிவு பண்ணுங்கள்.

கூட்டுப் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் பண்ருட்டியில் சின்னதாக ஒரு லாட் சேர்ந்து வாங்கி விற்றுப் பாருங்கள். டபிள்யூ 320 என்ற முழுப் பருப்பு ரகம் என்று விலை பேசிய மூட்டைக்குள் உடைந்த பருப்பு கலந்திருந்தால் வியாபாரிக்கு யார் போன் போடுகிறார், என்ன தொனியில் பேசுகிறார்? லோடு ஆட்டோ வாடகையை அன்றே எழுதுகிறாரா, "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாரா? ஜாதகப் பொருத்தத்தில்கூட இவ்வளவு தெரியாது.

"இதெல்லாம் கேட்டா அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?" என்றார் தம்பி. போகட்டும், பத்திரச் செலவு மிச்சம்.